மழைக்காலத்தில் டீஹியூமிடிஃபையர்: உங்க வீட்டில் எப்படி ஓடுது?

குன்னூர்வாசி:

தென்மேற்கு மழை கூடலூர், ஊட்டிப் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கு வடகிழக்குதான் பெரிய மழை. ஐப்பசி பிறந்துவிட்டால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். பீரோவைத் திறந்தால் தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை, பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளி. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப் போகும். படுக்கை விரிப்பு ராத்திரி தொட்டால் துவைத்துப் பிழிந்தது மாதிரி சில்லென்று இருக்கும்.

காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் மெஷின்தான் டீஹியூமிடிஃபையர். அதில் கம்ப்ரசர் வகை வாங்கினோம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘நாளைக்கு 12 லிட்டர்’. மேனுவலில் பொடி எழுத்தில், அது 30 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் எடுத்த கணக்கு என்று போட்டிருந்தது. எங்க படுக்கையறை நவம்பர் ராத்திரியில் 14, 15 டிகிரி. விடிய விடிய ஓடினாலும் காலையில் தொட்டியில் ஒரு லிட்டர் தேறினால் அதிகம்.

மெஷின் மேல் குறை இல்லை. உள்ளே இருக்கும் ‘காயில்’ என்கிற உலோகக் குழாய்ச் சுருள் குளிர்ந்து, அதில் படுகிற காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டும். ஃப்ரிஜ் வேலை செய்கிற அதே முறைதான். அறையே குளிர்ந்து கிடந்தால் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, மேலே பனி படிந்துவிடும். அப்புறம் மெஷின் கம்ப்ரசரை நிறுத்தி, பனியை உருக்கி, மறுபடி ஓட ஆரம்பிக்கும். ராத்திரியில் பாதி நேரம் இந்தக் கூத்திலேயே போய்விடுகிறது.

அதனால் இப்போது ராத்திரியில் ஓட்டுவதே இல்லை. மதியம் அறை 20 டிகிரியைத் தொட்டதும் ஜன்னலைச் சாத்தி, பீரோ கதவைத் திறந்து வைத்து, சாயங்காலம் வரை ஓட்டுகிறோம். 85-இல் நிற்கிற ஈரப்பதம் 60 பக்கம் இறங்கிவிடுகிறது. அதற்குக் கீழே வைத்துக்கொண்டால் பூஞ்சை தலைதூக்காது. சின்ன ஹியூமிடிட்டி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மெஷினில் இருக்கிற டிஸ்ப்ளே தன் பக்கத்துக் காற்றைத்தான் காட்டும், அறையின் அடுத்த மூலையைக் காட்டாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் படுக்கப் போட்டு ஏற்றி வந்தால் உடனே சுவிட்சைத் தட்டாதீர்கள். சில மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இந்தக் குளிருக்குத் தோதானது டெசிகண்ட் வகை. ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் ஒன்று சுழலும், ஹீட்டர் அதைக் காயவைக்கும். பனி படிகிற பேச்சே இல்லை, ஆனால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். கோயம்புத்தூரில் நான் கேட்ட கடைகளில் வைத்திருக்கவில்லை. யாராவது பயன்படுத்துகிறீர்களா?

திருவான்மியூர் லென்ஸ்:

சார், உங்களுக்குக் குளிர் பிரச்சினை, எனக்கு நேர் எதிர். மெஷின் நல்லாத்தான் தண்ணி எடுக்குது. ஆனா ரூம் அடுப்படி ஆயிடுது. காத்துல இருக்கிற ஈரம் ஒரு லிட்டர் தண்ணியா மாறும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் அளவுக்கு வெப்பம் வெளிய வரும். அதோட மெஷின் இழுக்கிற கரண்டும் கடைசியில சூடாத்தான் மாறுது. ஏசி மாதிரி வெளிய தள்ள வழி கிடையாது, மொத்தமும் ரூமுக்குள்ளேயே. சென்னையில மே மாசம் இதைப் போட்டுக்கிட்டு உள்ளே உட்கார முடியாது.

ஏசி இருக்கிற ரூமுக்கு ட்ரை மோடே போதும்னு சொல்வாங்க, ஓரளவு உண்மை. ஆனா ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்னுடும், ஃபேன் மட்டும் ஓடும். காயில்ல இருக்கிற ஈரம் திரும்ப ரூமுக்கே வந்துடும். அதனாலதான் நவம்பர் மழையில ஏசி போட்டும் பிசுபிசுன்னு இருக்கு.

என் கவலை கேமரா லென்ஸ். அதுக்காக முழு ரூமையும் காயவைக்கிறது வீண் செலவு. உள்ளே ஈரத்தைக் குறைச்சு வெக்கிற எலக்ட்ரானிக் ட்ரை கேபினெட் வாங்கி 45 சதவீத ஈரப்பதத்துல வெச்சுட்டேன், கரண்ட் செலவு சொல்லிக்கிற மாதிரி இல்லை. வீணை, வயலின் வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கீழே இறக்காதீங்க, மரம் வெடிக்கும்.

ஹரோ அக்கா:

நாங்கள் லண்டனில டெசிகண்ட்தான் வச்சிருக்கிறம் தம்பி. ஹீட்டிங் போடாத பின் அறையில நல்லா வேலை செய்யுது, அறையும் கொஞ்சம் சூடாகும், குளிருக்கு அது நல்லம்தானே. சத்தம் ஒரு சீரா இரையும். பிள்ளையள் படுக்கிற அறையில வைக்கேலாது.

இங்க மழையை விட உடுப்புத்தான் பிரச்சினை. சுத்தி எடுத்த ஒரு லோட் உடுப்பிலயே ரெண்டு லிட்டர் மட்டில தண்ணி நிக்கும். ரேடியேற்றரில போட்டுக் காயவிட்டா அவ்வளவும் யன்னல் கண்ணாடியிலயும் மூலைச் சுவரிலயும் வந்து ஒட்டும், பிறகு கறுப்புப் பூஞ்சணம். வீட்டுச் சொந்தக்காரரிட்டச் சொன்னா, யன்னலைத் திறந்து விடுங்கோ எண்டு சொல்லுறார். ஜனவரியில!

இங்க இங்கிலாந்தில ராச்டேல் எண்ட ஊரில 2020 டிசம்பரில பூஞ்சணம் பிடிச்ச வீட்டில இருந்த ரெண்டு வயசுப் பிள்ளை செத்த பிறகு, பூஞ்சணத்தை வீட்டுச் சொந்தக்காரர் குறிச்ச காலத்துக்குள்ள சரிபண்ணோணும் எண்டு அந்தப் பிள்ளையின்ர பேரில அவாப் சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27இல இருந்து நடைமுறை, ஆனா முதல்ல கவுன்சில் (உள்ளூராட்சி), ஹவுசிங் அசோசியேஷன் (லாபம் பாக்காத வீட்டு அமைப்பு) வாடகைக்கு விடுற வீடுகளுக்குத்தான். எங்களைப் போல பிரைவேற் வாடகைக்காரர் மெஷினை வாங்கித்தான் சமாளிக்கோணும். கதவைச் சாத்தி, உடுப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில வைச்சா அடுத்தநாள் காலமை மடிக்கலாம்.

வால்பாறை மேஸ்திரி:

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க சாமி. ஈரமா இருக்கிற இடத்துல ஒரு பிளாஸ்டிக் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. கவருக்கு முன்பக்கம் முத்து முத்தா நின்னா காத்துல இருக்கிற ஈரம், அதுக்கு மெஷின் உதவும். பின்பக்கம் நனைஞ்சிருந்தா சுவரே தண்ணி குடிக்குது. அது ஓதம். கூரை ஓட்டையோ, பைப் ஒழுகலோ, அஸ்திவாரத்திலிருந்து ஏறுதோ, அதைச் சரிபண்ணாம நீங்க எத்தனை லிட்டர் எடுத்தாலும் கரண்ட் பில்தான் ஏறும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்ச வீடுங்கள்ல இது ரொம்ப. ஈரம் வெளியேற வழியில்லாம பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பிடும்.

இன்னொண்ணு, குளிருக்கும் ஈரத்துக்கும்னு மூடின ரூமுக்குள்ள கரி அடுப்பு வெக்கிறாங்க. வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை முடிச்சிரும்.

திருவான்மியூர் லென்ஸ்:

ஆன்லைன்ல ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு வர்ற குட்டி மெஷினைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. எங்க மாடி வீட்டுக்காரர் ஒண்ணு வெச்சிருக்கார். பெல்டியர் வகை, அதாவது கரண்ட் பாய்ஞ்சா ஒரு பக்கம் குளிருற சின்னத் தகடு, கம்ப்ரசரே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர் தண்ணிதான் வருது. ஒரு அலமாரிக்குள்ள வெச்சா சரி. அதை ஹாலுக்குன்னு விக்கிறது அநியாயம்.

ஹரோ அக்கா:

அந்தத் தண்ணியை என்ன செய்யிறியள்? என்ர மனுசன் பூக்கண்டுக்கு ஊத்துறார்.

குன்னூர்வாசி:

அக்கா, செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். குடிக்கக் கூடாது. தொட்டியில் கிருமி வளரும், காயிலின் உலோகமும் தூசியும் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதானே என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

மேஸ்திரி சொன்ன கவர் சோதனையை வடக்குச் சுவரில் இன்றைக்கே ஒட்டிவிட்டேன். தொட்டியைக் கொட்ட மறந்தால் மெஷின் தானே நின்றுவிடும் என்பதால் பலர் ஹோஸ் மாட்டுகிறார்கள். மாட்டினால் ஹோஸ் முழுக்கச் சரிந்தே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் தண்ணீர் தேங்கித் தரையில் ஒழுகும், அதனால் மெஷினை ஒரு பலகை மேல் ஏற்றி வையுங்கள்.