எக்ஸ் கிளாஸ் ஃப்ளேர் வெடித்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

வால்மீன்:
சூரியனில் எக்ஸ் கிளாஸ் ஃப்ளேர் (மிக வலுவான வகைச் சூரிய வெடிப்பு), பூமிக்குக் காந்தப் புயல் வருகிறது என்று செய்தி போடுகிறார்கள். மூன்று நாள் பார்த்தாலும் ஒரு சலனமும் இல்லை. சில சமயம் சுமாரான ஃப்ளேருக்கே பெரிய புயல் வருகிறது. ஃப்ளேரும் சிஎம்இயும் (சூரியன் பிளாஸ்மாவை வீசியெறிவது) ஒன்றுதானே?

துருவன்:
இல்லை. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் முறுக்கேறிக் கிடக்கும் காந்தக் கோடுகள் அறுந்து வேறு மாதிரி இணையும்போதுதான் இரண்டுமே வருகின்றன, அதுவரை சரி. ஆனால் ஃப்ளேர் வெறும் கதிர்வீச்சு. எட்டே நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் சிற்றலை வானொலியைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். சிஎம்இயில் கிளம்புவது நிஜப் பொருள்: நூறு கோடி டன் அளவுக்குப் பிளாஸ்மா (மின்னேற்றமுள்ள வாயு), தன் காந்தப்புலத்தையும் சுருட்டிக்கொண்டு, வேகமானது வினாடிக்கு 3000 கிமீ வரைகூடப் போகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் வந்து சேரும். ஒன்று வந்தால் மற்றதும் வரும் என்று கட்டாயமில்லை. 2014 அக்டோபரில் 12192 என்ற ராட்சதக் கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் ஃப்ளேர் வெடித்தது, மேலே கவிந்திருந்த வலுவான காந்தப்புலம் அமுக்கிவிட்டதால் ஒன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி சிஎம்இ கிளம்பவில்லை.

இரவுக்கண்:
கிளம்பினாலும் நம் பக்கம் வரவேண்டுமே. 2012 ஜூலையில் பயங்கரமான ஒன்று கிளம்பி, பூமி அந்தப் பக்கம் இல்லாததால் ஸ்டீரியோ-ஏ விண்கலத்தின் மேல் அடித்தது. சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கேமரா எடுக்கும் படங்களைப் பாருங்கள், சூரியனை ஒரு தட்டால் மறைத்திருப்பார்கள். தட்டைச் சுற்றி முழு வளையமாக விரிந்தால் ஒன்று நம்மை நோக்கி வருகிறது, அல்லது நேர் எதிர்த்திசையில் போகிறது. அப்புறம் படம் முழுக்கப் பனி கொட்டுவதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெறித்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அதெல்லாம் சென்சாரில் மோதும் புரோட்டான்கள்.

துருவன்:
அதோடு பிஇசட், அதாவது சிஎம்இ கொண்டுவரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு. வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் பிசுபிசுத்துப் போகும். கியூபெக்கில் 1989 மார்ச்சில் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் போனதே, அந்த அளவுப் புயலுக்கு வலுவான தெற்குப் புலம் வேண்டும். கொடுமை என்னவென்றால், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிமீ தள்ளி எல்1 என்ற புள்ளியில் இருக்கும் விண்கலங்களை சிஎம்இ கடக்கும்போதுதான் அந்தத் திசை நம்பகமாகத் தெரியும். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர அவகாசம்.

வால்மீன்:
அப்போ செய்தியில் வரும் எக்ஸ் நம்பரை விட்டுவிட வேண்டியதுதானா? பிஇசட் எங்கே பார்ப்பது?

இரவுக்கண்:
அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் (NOAA) விண்வெளி வானிலைப் பக்கத்தில் நேரலை வரைபடம் இருக்கிறது. பிஇசட் கோடு மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே (மைனஸ் என்றால் தெற்கு) இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தால் கவனியுங்கள். ஐந்து நிமிடம் இறங்கி ஏறுவதெல்லாம் கணக்கில் இல்லை.