பிடித்த மீனை எல்லாம் திரும்ப விட்டுவிடுகிறோம், ஆனாலும் பெரிய மீன் ஏன் குறைகிறது?

தக்கைக்காரன் கேட்டது:

வணக்கம். நாங்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும் ஒரு குழு, வார இறுதிகளில் ஒரே ஏரியில் தூண்டில் போடுகிறோம், ஏழெட்டு வருடமாக. யாரும் விற்பதில்லை. ஆளுக்கு நாளைக்கு இரண்டு மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது, இன்ன நீளத்துக்குக் குறைவாக இருந்தால் தொடவே கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டையும்கூட எடுப்பதில்லை, படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

ஆனால் கை வலிக்கிற அளவுக்கு இழுக்கும் மீன் இப்போது சிக்குவதே இல்லை. சின்னது நிறைய வருகிறது, அதனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்று பார்த்தால் பழைய கணக்குதான். இதை வைத்துக்கொண்டு பாதிப் பேர் "ஏரி நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் போனபோது கரையில் நாலு பெரிய மீன் செத்து ஒதுங்கியிருந்தது. ஒன்றின் வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கியது, இழுத்துப் பார்த்தால் தூண்டில் முள் தொண்டைக்குள். முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது, அது நான் போடும் முடிச்சு. முந்தின நாள் மாலை "பிழைத்துப் போ" என்று விட்ட மீன்.

அப்படியானால் பிடித்து விடுவதில் அர்த்தமே இல்லையா? விதியை எப்படி மாற்றுவது? சிலர் பண்ணைக் குஞ்சு வாங்கி விடலாம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நரம்புமுள் எழுதியது:

அர்த்தம் இருக்கிறது நண்பரே, ஆனால் கையிலிருந்து நழுவி நீந்திப் போனதாலேயே அது பிழைத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீனை நிர்வகிப்பவர்கள், தூண்டிலில் பிடித்து விடுவதில் 9% பிறகு செத்துவிடும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நூற்றுக்கு ஒன்பதுதானே என்று தோன்றும், ஆனால் அங்கே விடப்படும் மீன்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் சில ஆண்டுகளில் விட்டபின் செத்தவை, எடுத்துச் சென்றவற்றுக்கு ஈடாக வந்துவிடுகின்றன. உங்கள் முப்பது பேரும் வாரத்துக்கு எத்தனை மீன் விடுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் படம். 1992-ல் வெளியான ஒரு பரிசோதனையில் ரெயின்போ ட்ரவுட்களைக் களைத்துப் போகும்வரை துரத்தினார்கள். காற்றில் காட்டாமல் விட்டவற்றில் 12 மணி நேரத்துக்குள் செத்தது 12%, 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38%, 60 விநாடி வைத்தவற்றில் 72%. அது ஆய்வுக்கூடம், இரத்தம் எடுக்கக் குழாய் பொருத்திய மீன்கள், அதனால் அதே எண் உங்கள் ஏரியிலும் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான்: தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சுக்கு வழியில்லை, அதுவும் போராடிக் களைத்த நேரத்தில். படம் வேண்டுமென்றால் மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, எடுப்பவர் தயாரான பிறகு ஒரே நொடி தூக்கிக் காட்டுங்கள்.

தொண்டைக்குள் போன முள்ளைப் பிடுங்கவே கூடாது, நரம்பை வாயருகே நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் செவுளோ உள்ளுறுப்போ கிழிந்து இரத்தம் போகும். நறுக்கி விட்ட மீன்களில் நிறைய பிழைக்கின்றன, முள்ளைப் பல மீன்கள் பிறகு உதிர்த்தும் விடுகின்றன. நீங்கள் பார்த்த மீனில் நரம்பு வெளியே தொங்கியது என்கிறீர்கள், அதை இன்னும் ஒட்ட நறுக்கியிருக்கலாம். அதைவிட நல்லது, அவ்வளவு ஆழம் போகாமலே பார்த்துக்கொள்வது. உயிர் இரை போடுபவர்கள் சர்க்கிள் ஹூக்குக்கு, அதாவது நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள்ளுக்கு, மாறினால் முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். ஒன்று மட்டும், கவ்வியதும் வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது மெதுவாக இறுக்கினால் போதும்.

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், மேலிருக்கும் வழவழப்பு உரிந்தால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் அதில் ஆக்சிஜனும் குறைவு, அந்த நாட்களில் மதியத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

சினைமீன் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் விதியே தலைகீழாக இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. "இதைவிடச் சின்னதைத் தொடாதே" என்றால் என்ன பொருள்? பெரியதை எடுத்துக்கொள் என்றுதானே? வருடக்கணக்கில் அதைச் செய்தால் ஏரியில் குட்டையான மீன்தான் மிஞ்சும்.

பெரிய பெட்டையின் மதிப்பு எடைக்கு எடை பார்த்தால் தெரியாது. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெட்டை, 2 கிலோ பெட்டைகள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது என்று 2018-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. இந்த 28-ன் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனியுங்கள். பல இனங்களில் வயதான தாயின் குஞ்சுகள் பிழைப்பதும் அதிகம்.

அதனால் நான் சொல்வது, இரண்டு கோடு வையுங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் விடு, மேல்கோட்டுக்கு மேலே இருந்தாலும் விடு, நடுவில் உள்ளதை மட்டும் எடு. ஸ்லாட் லிமிட் என்று இதைத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கீழ்க்கோடு, மீன் ஒருமுறையாவது சினை பிடித்து முட்டையிட்டு முடிக்கும் நீளத்துக்கு மேல் இருக்க வேண்டும். அது இனத்துக்கு இனம் மாறும், ஒன்றுக்கு வைத்ததை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள்.

பண்ணைக் குஞ்சு வேண்டவே வேண்டாம். ஏரியில் இருக்கும் குஞ்சோடு இரைக்குப் போட்டியிடும், நோய் கொண்டுவரும், சொந்த வம்சத்தோடு கலந்துவிடும். எண்ணிக்கை கூடுவதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஸ்லாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நிறைய பேர் நிறைய நேரம் தூண்டில் போட்டால் எந்தக் கோடும் காப்பாற்றாது. ஆளுக்கு இரண்டு மீன் என்பது ஆளைக் கட்டுப்படுத்துகிறது, ஏரியிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்பதை அது கட்டுப்படுத்தவே இல்லை. முப்பது பேர் அறுபது பேரானால் விதி மாறாமலே இழப்பு இரட்டிப்பாகிவிடும். அதுவும் ஸ்லாட்டால் திரும்ப விடும் மீன் கூடும், அந்தச் சாவும் கூடும்.

"மணிக்கு எத்தனை" என்ற அந்தக் கணக்கை நம்பி உட்காராதீர்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் கெல்ப் பாஸ், பார்ட் சாண்ட் பாஸ் என்ற இரண்டு மீன்களுக்கு இதுதான் நடந்தது. முட்டையிட ஓரிடத்தில் கூடும் காலத்தில் போய்ப் பிடித்ததால் ஆளுக்குக் கிடைத்தது குறையவே இல்லை, அதற்குள் கடலில் இருந்தது சரிந்துவிட்டது. 2011-ல் அதை எழுதியவர்கள் ஏராளமாக இருப்பதுபோன்ற தோற்றம் என்றுதான் சொன்னார்கள். மீன் ஒரு மூலையில் ஒதுங்குகிறது, நமக்கும் அந்த மூலை தெரிகிறது, கடைசிக் கூட்டம் வரை தூண்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

வலைக்காரர் பிடித்தது எடைமேடைக்கு வரும், நாம் பிடித்ததை யாரும் எழுதுவதில்லை. ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். யார், எத்தனை மணி நேரம், என்ன இனம், என்ன நீளம், முள் எங்கே மாட்டியது, இரத்தம் வந்ததா. ஒன்றும் கிடைக்காத நாளையும் கண்டிப்பாக எழுத வேண்டும், அதை விட்டால் கணக்கே கெட்டுவிடும். இரண்டு பருவம் எழுதினால் நீளம் எங்கே குவிகிறது, எந்த அளவுக்கு மேல் மீனே இல்லை என்று கண்ணால் பார்க்கலாம். பிறகு கோட்டை எங்கே வைப்பது என்று சண்டை போட வேண்டியிருக்காது.

தக்கைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நோட்டு வரும் சனிக்கிழமையே தொடங்குகிறது, சர்க்கிள் ஹூக்குக்கும் சொல்லிவிட்டேன். முட்டையிடும் இடத்தைப் பற்றிச் சொன்னீர்களே, எங்கள் ஏரியில் வடக்கு ஓரம் கோரைப் பக்கம் விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகச் சுற்றும். அதன் அடியில் காவலுக்குப் பெரிய விரால் இருக்கும், அங்கே போட்டால் உடனே கவ்வும் என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்ததும் விட்டுவிட்டால் பரவாயில்லையா?

சினைமீன் எழுதியது:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அது பசிக்காகக் கவ்வவில்லை, குஞ்சை நெருங்குகிறதை அடிக்கிறது. நீங்கள் இழுத்து, முள்ளைக் கழற்றி, படம் எடுத்து விடும் அந்த நேரத்தில் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் கிடையாது. கூடு காக்கும் பாஸ் மீன்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள், ஆண் மீனைப் பிடித்து உடனே விட்டாலும் அதற்குள் மற்ற மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும், சில ஆண்கள் திரும்பிவந்தும் கூட்டை விட்டுவிடும். குஞ்சு சிதறிப் பெரிதாகும்வரை அந்தக் கோரை ஓரத்தில் யாரும் தூண்டில் போடாதீர்கள். நாலு மூங்கில் நட்டு ஒரு கயிறு கட்டிவிட்டால் புதிதாக வருபவருக்கும் புரியும்.