கலைச்சொல்: ‘வெர்டிகல் டிராப்’ – ‘செங்குத்து வீழ்ச்சி’க்குப் பதிலாக ‘இறங்குயரம்’

கோலாலம்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழு சேர்ந்து தொகுக்கும் பனிச்சறுக்குச் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஸ்னோபோர்டுக்குப் பனிப்பலகை, பவுடர் பனிக்குத் தூள்பனி, பிஸ்ட்டுக்குச் சறுக்குத்தடம் என மூன்றும் வாயில் தடங்கலின்றி வருகின்றன. நாற்காலி லிஃப்டுக்கு ‘மின்தூக்கி’ வேண்டாம் என்று பினாங்கு அக்கா சொன்னதும் சரி. இங்கே மின்தூக்கி என்றால் அடுக்குமாடியில் ஏறி இறங்குவதுதான். லிஃப்ட் என்றே இருக்கட்டும்.

ஆனால் ‘வெர்டிகல் டிராப்’ என்பதற்குச் ‘செங்குத்து வீழ்ச்சி’ என்று போட்டிருக்கிறோமே, அதை மாற்றியே ஆக வேண்டும்.

செந்தூலில் எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் ஆண்டிறுதி விடுமுறையில் பனிப்பலகை ஓட்டக் கிளம்புகிறார்கள். பெற்றோரும் கூடப் போகிறார்கள். எந்த மலைக்குப் போவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவதற்காகத் தமிழில் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். மலையின் பெயர், பருவம், தடங்களின் தரம், செங்குத்து வீழ்ச்சி என்று பத்திகள். ஜப்பானின் ஹகுபா பள்ளத்தாக்கிலுள்ள ஹப்போ-ஒனே மலைக்கு நேரே 1,071 மீட்டர் என்று இருந்தது. ஓர் அம்மா அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “இவ்வளவு உயரத்திலேர்ந்தா பிள்ளைங்க விழணும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செங்குத்து என்றாலே நமக்குச் சுவர்போல் நிற்கும் பாறைதான். வீழ்ச்சி என்றால் அருவி, அல்லது விலை, அல்லது ஆட்சி. இரண்டையும் ஒட்டிவைத்தால் மலை விளிம்பிலிருந்து விழுவதுதான் கண்முன் வரும். அந்த எண் சொல்வது அதுவே இல்லை. ஒரு சறுக்குமலையில் லிஃப்ட் கொண்டுபோய் விடும் மிக உயர்ந்த இடத்துக்கும், சறுக்கி வந்து சேரும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, அவ்வளவுதான். ஹப்போ-ஒனேயில் உச்சி லிஃப்ட் 1,831 மீட்டரில் முடிகிறது. அடிவாரம் 760 மீட்டரில். கழித்தால் 1,071.

சரிவு எவ்வளவு கடுமை என்பதைப் பற்றி இந்த எண் வாயே திறப்பதில்லை. 300 மீட்டரை 1 கிலோமீட்டர் தடத்தில் இறங்கினால் சரிவு ஏறத்தாழ 30 விழுக்காடு. புதிதாய்ப் பழகுபவருக்கு அது ஆகாது. அதே 300 மீட்டரை 3 கிலோமீட்டர் தடத்தில் சுற்றிச் சுற்றி இறங்கினால் 10 விழுக்காடு; புதியவர்களுக்கான பச்சைத் தடத்துக்கு ஏற்ற சரிவு. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் ஸ்கீ போட்டி நடந்தது இதே ஹப்போ-ஒனேயில். அதே மலையில் புதியவர்கள் பழகும் இடங்களும் இருக்கின்றன. ஒரே இறக்கம், பல தடங்கள். ‘செங்குத்து’ என்ற சொல் இதை முழுக்க மறைத்துவிடுகிறது.

வெறுமனே ‘உயரம்’ என்று போடலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதுவும் குழப்பும். இங்கே மலேசியாவின் கெந்திங் மலையுச்சியும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர். ஹப்போ-ஒனேயின் உச்சி லிஃப்டும் கிட்டத்தட்ட அதே உயரம். மலையைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கடல்மட்ட உயரம் ஒன்று, இறங்கும் உயரம் ஒன்று, தடத்தின் நீளம் ஒன்று என மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

காஷ்மீரின் குல்மார்க்கைப் பாருங்கள். இந்தியா, செலவு குறைவு, மொழி பழக்கம் என்று எங்கள் குழுவில் சிலருக்கு அதன்மேல்தான் ஆசை. ஊர் இருப்பது ஏறத்தாழ 2,650 மீட்டரில். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வத் மலைக்குக் கொண்டுபோகிறது. இறக்கம் 1,300 மீட்டர் அளவுக்கு வரும், ஹப்போ-ஒனேயைவிட அதிகம். ஆனால் மேல்கட்டம் சீர்செய்த தடங்கள் உள்ள இடம் அன்று, பனிச்சரிவு அபாயமும் உண்டு. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு 4,000 மீட்டரில் தலைவலியும் வாந்தியும் வரலாம். அங்கே புதியவர் பழகுவது கீழே உள்ள புல்வெளிச் சரிவில். ஆக அந்த 1,300 அவருக்குப் பயன்படாத எண்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: இறங்குயரம்.

இறங்குமுகம், இறங்குதுறை, இறங்குவரிசை என்று ‘இறங்கு’ முன்னால் நிற்கும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இறங்கு, உயரம் இரண்டும் புணர்ந்து இறங்குயரம் என்றாகும். குத்துயரம் போலவே. கேட்டவுடன் ‘இறங்குகிற உயரம்’ என்று விளங்கிவிடும். பினாங்கின் கொடிமலை தெரிந்தவர்களுக்கு எடுத்துக்காட்டும் கையருகே இருக்கிறது. அதன் உயரம் 833 மீட்டர். ஜப்பானின் ஹொக்கைடோவிலுள்ள நிசேகோ சறுக்குமலையின் இறங்குயரம் ஏறத்தாழ 900 மீட்டர். அதாவது கொடிமலை உச்சியிலிருந்து ஜார்ஜ்டவுன் கடற்கரைவரை சறுக்கிக்கொண்டே வருவதைவிடச் சற்று அதிகம்.

சென்னை ஐயா முன்வைத்த ‘மட்டவேறுபாடு’ கட்டுமானத் துறையில் நல்ல சொல். சாலைக்கும் வடிகாலுக்கும் அங்கேயே இருக்கட்டும். ‘சரிவுயரம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழகப் பாடநூல்களில் கூம்பின் பக்கவாட்டு நீளத்தைச் சாயுயரம் என்கிறார்கள். அதைப் படித்தவர் சரிவுயரத்தைத் தட நீளம் என்று எடுத்துக்கொள்வார். மூன்று எண்களையும் பிரித்துக்காட்டப் பாடுபடும்போது இரண்டை நாமே கலந்துவிடக் கூடாது.

அன்புடன்,
செந்தூல் தம்பி

—

டொரோண்டோவிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். செங்குத்து வீழ்ச்சியை எடுத்துவிடுவதில் எனக்கும் சம்மதம். ஒரேயொரு ஐயம். இறங்குமுகம் என்பது நட்டத்தைக் குறிக்கப் புழங்குகிற சொல். பிள்ளைகள் ஆசையாகப் போகிற விளையாட்டுக்கு அந்த வாடை வேண்டுமா? ‘சறுக்குயரம்’ என்றால் என்ன?

—

பினாங்கிலிருந்து:

தம்பி, இறங்குயரம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொடிமலை ரயிலில் கீழே வரும்போது வயிறு உணர்வது அதைத்தானே. ஆனால் சொல்லை மட்டும் திருத்திவிட்டு எண்ணை அப்படியே விட்டால் அந்த அம்மாவுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

ஜப்பானின் காலா யுசாவா சறுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் 80 நிமிடத்துக்குள் போய்விடலாம். ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே பலகை, காலணி, உடை எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கிருந்தே கேபிள் காரில் ஏறலாம். நிலையம் 358 மீட்டரில் இருக்கிறது, கேபிள் கார் ஏறத்தாழ 800 மீட்டரில் இறக்கிவிடும், அதற்கு மேல் லிஃப்டுகள். உச்சியிலிருந்து நிலையம்வரை கணக்கிட்டால் இறங்குயரம் 800 மீட்டருக்கு மேல். ஆனால் கேபிள் கார் முனையிலிருந்து நிலையத்துக்குச் சறுக்கி வர ஃபால்கன் என்ற 2.5 கிலோமீட்டர் தடம் ஒன்றுதான் இருக்கிறது. பனி போதிய அளவு படிந்தால்தான் அதைத் திறப்பார்கள். மற்ற நாள்களில் போனவர்கள் எல்லோரும் கேபிள் காரிலேயே திரும்பி வர வேண்டியதுதான். அன்றைக்குச் சறுக்கக் கிடைப்பது தாளில் உள்ளதில் பாதியளவே.

பனிப்பலகைக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்கீ போட்டவர் தட்டையான இணைப்புத் தடத்தில் கைக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். பலகைக்காரரிடம் கோல் இல்லை. வேகம் குறைந்தால் பலகை நின்றுவிடும். ஒரு காலைக் கழற்றி உந்திக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆளை நிற்க வைத்தே இழுத்துப்போகும் லிஃப்டுகளும் அவர்களுக்குப் பாடுதான், பலகையில் பக்கவாட்டாக அல்லவா நிற்கிறார்கள். இறங்குயரம் பெரிதாக இருந்தும் நடுநடுவே தட்டையாகக் கிடக்கும் மலையில் பலகைக்காரருக்கு என்ன இன்பம்? விட்டுவிட்டு இறங்காமல் ஒரே ஓட்டமாக எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

—

கோலாலம்பூரிலிருந்து:

அக்காவுக்கு மிக்க நன்றி. அந்தக் குறையை அப்படியே ஏற்றுக்கொண்டு ‘தொடர் இறங்குயரம்’ என்று இரண்டாவது சொல்லைச் சேர்க்கிறேன். காலா யுசாவாவுக்கு ஃபால்கன் திறந்த நாள், மூடிய நாள் என்று இரண்டு எண்கள் போடுவேன். தட்டைத் தடத்துக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. ‘தட்டைத்தடம்’ என்றாலே எவருக்கும் விளங்கும்.

டொரோண்டோ அண்ணனுக்கு: சறுக்குயரம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பேச்சில் ‘சறுக்கிவிட்டது’ என்றால் தவறி விழுந்தது என்றுதானே பொருள்? அடி சறுக்கும் யானை நினைவுக்கு வந்துவிடும். அந்த அம்மாவின் பயம் மறுபடி தொடங்கும். ‘இறங்கு’ அப்படியன்று. படகு வந்து சேரும் இடம் இறங்குதுறை, பேருந்தில் நாம் கேட்டு நிற்பது இறங்குமிடம். சேர வேண்டிய இடத்துக்குச் சேதமில்லாமல் வந்து சேர்வதற்கும் இதே சொல்தான். மலையில் பலகையோடு நிற்பவருக்கு இறங்குவதுதான் மகிழ்ச்சி, ஏறுவது லிஃப்டின் வேலை.

பட்டியலுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

இறங்குயரம் – சறுக்குமலையில் லிஃப்ட் எட்டும் மிக உயர்ந்த இடத்துக்கும் சறுக்கி அடையக்கூடிய மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையேயான உயர வேறுபாடு, மீட்டரில். சரிவின் கடுமையைக் குறிக்காது.

தொடர் இறங்குயரம் – இடையில் லிஃப்டோ நடையோ இல்லாமல் ஒரே ஓட்டத்தில் இறங்கக்கூடிய உயரம். தடம் மூடப்படும் நாள்களில் மாறும்.

எங்கள் அட்டவணையில் தட நிறங்களுக்கும் ஒரு குறிப்பு சேர்க்கிறேன். ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்றுதான். நடுத்தரத்துக்கு அங்கே சிவப்பு. வட அமெரிக்க வரைபடம் பார்த்துப் பழகியவர் நீலத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

குழுவில் பாதிப்பேர் பலகையைத் தொட்டதே இல்லை, பெற்றோர் சறுக்கப்போவதும் இல்லை. அவர்களுக்குக் காலா யுசாவாதான் பொருந்தும் என்று நான் அழுத்திச் சொல்வேன், அதுவும் பனி நன்றாகப் படிந்த பிறகு. பருவத் தொடக்கத்திலேயே போய்ப் பாதி தடங்கள் மூடிக்கிடக்கப் பார்க்கக் கூடாது. சறுக்காதவர்கள் அன்றே தோக்கியோ திரும்பிவிடலாம். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் நிசேகோ கேட்கிறார்கள். சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டும் அந்தத் தூள்பனிக்காக அவர்கள் கேட்பதில் தவறில்லை. அவர்களுக்குத் தனியாக ஓர் அட்டவணை எழுதுகிறேன்.

இரண்டு சொற்களுக்கும் வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அட்டவணையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
செந்தூல் தம்பி