இருவருக்கும் 521 ஹோம் ரன்: டெட் வில்லியம்ஸா, ஃபிராங்க் தாமஸா?

முதல்வரிசை:
அமெரிக்க பேஸ்பாலில் டெட் வில்லியம்ஸ் 2,292 ஆட்டங்களில் 521 ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி. ஃபிராங்க் தாமஸ் 2,322 ஆட்டங்களில் அதே 521. பேட்டிங் சராசரி (அடிக்க நின்றதில் ஹிட் கிடைத்த பங்கு) மட்டும் .344, .301 என்று விலகி நிற்கிறது. நான் தாமஸைப் பார்த்து வளர்ந்தவன். சராசரியை ஓரமாக வைத்துவிட்டால் இருவரும் ஏறக்குறைய ஒரே தரம்தானே?

பழைய_ஸ்கோர்புக்:
சராசரியை ஓரமாக வைக்கலாம், சரி. ஸ்ட்ரைக்-அவுட்டை, மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவதை, எங்கே வைப்பீர்கள்? தாமஸ் 1,397. வில்லியம்ஸ் 709, கிட்டத்தட்டப் பாதி! ஓங்கி அடிக்கிறவர்கள் நிறைய பந்தைக் கோட்டை விடுவார்கள் என்பதுதான் வழக்கம். இந்த மனிதர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நான்கு கெட்ட பந்தை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடப்பதுதான் வாக். வில்லியம்ஸ் எடுத்தது 2,021, தாமஸ் 1,667. தாமஸுடையதும் லேசான எண்ணிக்கை இல்லை, கெட்ட பந்தை அவரும் சீண்டமாட்டார். ஆனால் ஆன்-பேஸில் (அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்த விகிதம்) தாமஸின் .419 எங்கே, வில்லியம்ஸின் .482 எங்கே? அந்த .482-ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அப்புறம், தாமஸின் 90-கள் ரன் கொட்டிய காலம். அதற்காகத்தான் ஆன்-பேஸையும் அடியின் வலுவையும் சேர்த்துப் பார்க்கும் ஓ.பி.எஸ். பிளஸ் பார்க்கச் சொல்வேன். அந்தந்த ஆண்டின் லீக்கையும் மைதானத்தையும் கழித்து, சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைக்கும் கணக்கு அது. தாமஸ் 156, வில்லியம்ஸ் 191.

போரையும் சேருங்கள். 1943, 44, 45 மூன்று சீசனும் முழுதாகப் போயின. திரும்பி வந்த 1946-ல் 38 ஹோம் ரன், லீக்கின் தலைசிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது. பிறகு கொரியப் போரில் விமானி. 1952, 53 இரண்டிலும் சேர்த்து 43 ஆட்டம்தான். அந்த ஆண்டுகள் கையில் இருந்திருந்தால் 600-ஐத் தாண்டியிருப்பார் என்பது என் கட்சி.

மூன்றாம்_பேஸ்:
தாமஸுக்காக ஒரு வார்த்தை. 1947 வரை பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. வில்லியம்ஸின் அணியான ரெட் சாக்ஸ் 1959-ல்தான் கதவைத் திறந்தது, எல்லா அணிக்கும் கடைசியாக. தாமஸ் எல்லோருடைய பந்தையும் எதிர்கொண்டார். 1994-ல் 113 ஆட்டத்தில் .353, 38 ஹோம் ரன் என்று போய்க்கொண்டிருந்தவரை ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தம் நிறுத்தியது. ஊக்கமருந்துக் காலத்திலும் சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர் அவர்.

பழைய_ஸ்கோர்புக்:
நிறவெறி பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. 1966-ல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் நின்று, கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக் வீரர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று பேசியவர் வில்லியம்ஸ்தான்.

ஆனால் தாமஸ் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் டெசிக்னேட்டட் ஹிட்டர். க்ளவுஸ் போடாமலே பேட்டிங் மட்டும். வில்லியம்ஸின் ஃபீல்டிங்கை யாரும் மெச்சியதில்லை, எனக்கும் அதில் பெரிய மதிப்பு கிடையாது. இருந்தாலும் 1960-ல், 42 வயதில், கடைசி ஆட்டத்திலும் இடது களத்தில் நின்றார். 521-வது ஹோம் ரன் அன்றைக்கு அடித்ததுதான்.

முதல்வரிசை:
வில்லி மெக்கோவிக்கும் 521 என்று இப்போதுதான் கவனித்தேன். அவரை எங்கே வைப்பது?

பழைய_ஸ்கோர்புக்:
2,588 ஆட்டம், .270, ஸ்ட்ரைக்-அவுட் 1,550. கேண்டில்ஸ்டிக் மைதானத்துக் காற்றில் அத்தனை ஆண்டு ஆடியதற்குக் கொஞ்சம் சலுகை தரலாம். சலுகை தந்தாலும் மூன்றாவதுதான்.