ஃபசோலாக்கியா (கிரேக்கத் தக்காளி-பீன்ஸ் கறி) ரசம் மாதிரி ஆகிறது, ஏன்?

கேள்வி: ஏதென்ஸில் எனக்கு முதல் கோடை. வாரச் சந்தையில் ஒரு கிலோ பச்சை பீன்ஸும் கனிந்த தக்காளியும் வாங்கி, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னபடி ஃபசோலாக்கியா வைத்தேன். ஒரே தண்ணீர்! எங்கே தப்பு?

பதில்: எண்ணெய் எவ்வளவு விட்டீர்கள்? இந்த வகைச் சமையலுக்கே ‘லாதெரா’ என்றுதான் பெயர். லாதி என்றால் எண்ணெய். ஒரு கிலோவுக்கு முக்கால் கப் ஆலிவ் எண்ணெய் விடுங்கள்.

கேட்டவர்: மூன்று ஸ்பூன்... பாட்டி ஊற்றியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

இன்னொருவர்: தண்ணீரும் அதிகம். தக்காளியைத் துருவிப் போட்டால் அந்தச் சாறே பெரும்பாலும் போதும். கடைசிப் பத்து நிமிடம் மூடியைத் திறந்து, எண்ணெய் பிரியும்வரை வற்றவிடுங்கள். பீன்ஸ் நன்றாகக் குழைய வேண்டும், நறுக்கென்று இருந்தால் பாட்டி சிரிப்பார். அப்புறம், சுடச்சுட வேண்டாம். ஆறியபின் ஃபெட்டா சீஸும் ரொட்டியும் வைத்துச் சாப்பிடுங்கள்.