கேரவன் டிரெய்லர் இழுக்க எந்த எஸ்யூவி? (கும்பகோணம்)

அரசலாற்றங்கரை:
வணக்கம். ஒற்றை அச்சு கேரவன் டிரெய்லர் ஒன்று வாங்கப் போகிறோம். சாமான், தண்ணீர், காஸ் எல்லாம் ஏற்றினால் 1,300 கிலோ வரும். கும்பகோணத்திலிருந்து வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, கோடியக்கரைப் பக்கம்தான் அதிகம் போவோம். எப்போதாவது ஏற்காடு, கொல்லிமலை. வண்டியில் ஐந்து பேர். ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக், ஸ்கார்பியோ-என் டீசல் ஆட்டோமேட்டிக், எக்ஸ்யூவி700 டீசல் ஆட்டோமேட்டிக் மூன்றும் பார்த்திருக்கிறோம். எதை எடுக்கலாம்? ஆக்சஸரி கடையில் பின் பம்பருக்கு மாட்டித் தரும் கொக்கி போதுமா?

வெண்ணாறு:
இழுவிசையை வைத்து முடிவெடுக்காதீர்கள் சார். இப்போதைய ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக் 500 நியூட்டன் மீட்டர், எக்ஸ்யூவி700 450, ஸ்கார்பியோ-என் 400. நம் சமதளத்தில் 1,300 கிலோவுக்கு மூன்றுமே தாராளம். முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதை.

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வோமே, அதே கணக்குதான் இங்கேயும். டிரெய்லர் எடையில் 10 சதவீதமாவது கொக்கியின் மேல் முன்பாரமாக இறங்க வேண்டும். உங்களுக்கு 130 கிலோ. கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது நெம்புகோல் போல வேலை செய்யும். ஃபார்ச்சூனரின் சக்கர இடைவெளி 2,745 மிமீ. கொக்கி உருண்டை அச்சிலிருந்து 1,200 மிமீ தள்ளி இருந்தால், முன் சக்கரங்களிலிருந்து 57 கிலோ தூக்கிவிடும், பின் அச்சில் 187 கிலோ ஏறும். ஸ்டியரிங் லேசாகிப்போகும் காரணம் இதுதான். இந்த 130 கிலோவும் ஐந்து பேரும் அவர்கள் பைகளும் சேர்ந்து, ஆர்.சி-யில் உள்ள மொத்த எடைக்கும் காலி எடைக்கும் இடைப்பட்ட வித்தியாசத்துக்குள் அடங்க வேண்டும். கழித்துப் பாருங்கள், நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

எக்ஸ்யூவி700-இல் தனிச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது, உடலே சட்டம். கொக்கியைப் பொருத்த நம்பிக்கையான இடம் தேட வேண்டியிருக்கும். மற்ற இரண்டும் ஏணிச் சட்டம். இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள ஃபார்ச்சூனர்தான் என் தேர்வு. இழுபடுவதைவிட இழுப்பது கனமாக இருந்தால் காற்றிலும் பிரேக்கிலும் நிதானம் கெடாது. ஆஸ்திரேலியாவில் இதே ஃபார்ச்சூனருக்கு 3,100 கிலோ என்று போட்டிருப்பதை நம்பி இறங்காதீர்கள். அந்த எண் அங்கே விற்கும் வண்டிக்கும், அங்கே பொருத்தும் கொக்கிக்கும் உரியது. நீங்கள் வாங்கும் வண்டியின் கையேட்டில் டிரெய்லர் பகுதியைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குப் பதிவு தனி. இன்ஷூரன்ஸையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி பட்டறை:
பம்பர் கொக்கி வேண்டவே வேண்டாம் அண்ணே. அது அழகுக்கு மாட்டுவது, பல வண்டிகளில் பம்பர் பிராக்கெட்டோடு நின்றுவிடும். கொக்கிச் சட்டம் இரண்டு பக்கச் சேஸிஸ் தண்டிலும் போல்ட்டால் இறங்க வேண்டும். 12 மிமீ, 8.8 கிரேடு போல்ட் என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், சூடு பட்ட இடத்தில் பிறகு விரிசல் விழும்.

உருண்டை 50 மிமீயா, 2 அங்குலமா என்று அதன் தலையிலேயே பொறித்திருக்கும். 2 அங்குலம் 50.8 மிமீ. டிரெய்லர் மூக்கில் உள்ள 2 அங்குலக் கப்பில் 50 மிமீ உருண்டையைப் போட்டால் முதலில் தடதடக்கும். தேயத் தேய, ஒரு பள்ளத்தில் கழன்று மேலே வந்துவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போட்டால், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும்.

1,300 கிலோவுக்கு டிரெய்லரில் தனி பிரேக் கட்டாயம் வையுங்கள். தள்ளு பிரேக் (கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுவதாலேயே பிடிப்பது) எளிது, ஆனால் பின்னோக்கி எடுக்கும்போது தானே பிடிக்கும் பழைய மாதிரியை வாங்காதீர்கள். மின் பிரேக் என்றால் டேஷ்போர்டில் கன்ட்ரோலர் வேண்டும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், 4 சதுர மிமீ ஒயர் போடுங்கள். டிரெய்லர் அறுந்து போனால் தானே பிரேக் பிடிக்கும் சுவிட்சும் அதற்கென்று ஒரு சின்ன பேட்டரியும் சேர்த்தே கேளுங்கள்.

டெயில் லேம்ப் ஒயரைக் கீறி டிரெய்லருக்கு இணைப்பு எடுக்க வேண்டாம். புது வண்டிகளில் கணினி அதைக் கோளாறு என்று படிக்கும். ரிலே கிட் வைத்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டுத் தனி லைன் இழுங்கள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் எர்த் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். கோடியக்கரை உப்புக் காற்றில் ஏழு பின் சாக்கெட் சீக்கிரமே பச்சை பூக்கும். பின்களில் வாசலின் தடவி, மூடியை மூடியே வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி சாலை:
நம் பக்கத்தில் டிரெய்லருக்குச் சோதனை ஆடிக்காற்று. மரமில்லாத வயல்வெளியில் பக்கவாட்டில் அறையும்போது பஸ் ஒன்று ஒட்டி முந்தினால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் வேண்டாம். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். மின் பிரேக் இருந்தால் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்தினால் நேராகும். 70-க்கு மேல் போக வேண்டிய அவசியம் இந்தச் சாலைகளில் இல்லை.

ஆட்டத்துக்குக் காற்றைவிட முன்பாரக் குறைவுதான் பெரிய காரணம். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்து, கொக்கி 3.5 மீட்டர் முன்னால் இருந்தால், 80 லிட்டர் நிரப்பியதும் முன்பாரத்தில் 23 கிலோ போய்விடும். தொட்டியை அச்சுக்கு மேலேயே வைக்கச் சொல்லுங்கள், டிரெய்லர் இன்னும் வாங்கவில்லையே.

ஆற்றங்கரைச் சாலைகளில் திருப்ப இடம் கிடையாது. ஒற்றைவழிச் சாலை 3.75 மீட்டர், கிராமச் சாலை இன்னும் குறுகல். வாய்க்கால் மதகு கூன் போட்டிருக்கும் இடத்தில் கொக்கியும் டிரெய்லரின் பின் காலும் தரை தட்டும். அறுவடை நாளில் சாலையில் காயும் நெல்மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும், விவசாயிக்கும் நஷ்டம். சுற்று வழியானாலும் நெடுஞ்சாலையிலேயே போங்கள்.

ஏற்காட்டுக்கு சேலம் வழியில் 20 கொண்டை ஊசி, கொல்லிமலையில் 70. கொல்லிமலைக்கு டிரெய்லர் வேண்டாம், அடிவாரத்தில் விட்டுவிடுங்கள். ஏற்காடு ஏற்றத்தில் கியரை மேனுவல் மோடில் கீழே பிடித்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால் கியர் ஆயில் கொதிக்கும்.

அரசலாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. முன்பாரத்தை எதில் எடை போடுவது? வீட்டுத் தராசு 120 கிலோதான் காட்டும்.

வெண்ணாறு:
மூன்றடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு வைத்து, மேலே தடிப்பலகை போடுங்கள். பலகையை மட்டம் பார்த்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். செங்கல்லிலிருந்து ஓரடியில், கொக்கியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்துக்கு ஒரு கட்டை நிறுத்தி டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். 43-44 காட்டினால் சரி. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

மொத்த எடைக்கு ரைஸ்மில் எடைமேடை போதும். சாமான் ஏற்றியபின் டிரெய்லரை மட்டும் ஒருமுறை. பிறகு டிரெய்லரை மாட்டி, ஐந்து பேரும் உட்கார்ந்து, காரின் பின் அச்சு மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை. அந்த எண்ணைப் பின் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டினால் குறைக்க வேண்டியது காரின் டிக்கியில் உள்ள சாமானை, முன்பாரத்தை அல்ல.