மரபணுத் தரவு இணைப்பு: தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். பிறவியிலேயே காது கேளாமை பற்றி ஆய்வு செய்கிறேன். எங்கள் கடற்கரைக் கிராமம் ஒன்றில், ஒரே குடும்பத்தின் நாலு தலைமுறை விவரத்தைச் சம்மதத்தோடு சேர்த்திருக்கிறேன். அந்த வீட்டு அப்பத்தா, யார் யாருக்கு அத்தை மகள், யார் மாமன் மகன் என்று விரல்விட்டுச் சொல்லச் சொல்ல, சார்ட்டில் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணங்களுக்கு இரட்டைக் கோடு போட்டேன். மூன்று வந்தது.

சிக்கல் தரவில்தான். இரண்டு ஆய்வகங்களிலிருந்து வந்தது: ஒன்று 2009இல் வெளியான ஜிஆர்சிஎச்37 என்ற மனித மரபணுத்தொகை வரைபடப் பதிப்புப்படி, மற்றது 2013இன் ஜிஆர்சிஎச்38படி. 13ஆம் குரோமோசோமில் உள்ள ஜிஜேபி2 (பிறவிக் காது கேளாமைக்கு அடிக்கடி காரணமாகும் மரபணு) இருக்கும் இடமே இரண்டுக்கும் ஐந்து லட்சம் டிஎன்ஏ எழுத்துக்கு (ஏ, சி, ஜி, டி) மேல் தள்ளி நிற்கிறது. இட எண்களைப் பதிப்பு மாற்றித் தரும் லிஃப்ட்ஓவர் கருவியில் எல்லாவற்றையும் ஒரே பதிப்புக்கு மாற்றிவிட்டேன். அப்புறம் பிளிங்க் என்ற மரபணுத் தரவு மென்பொருளில் இரண்டையும் சேர்த்தால், பல இடங்களில் ஒன்றில் ஏ/ஜி, மற்றதில் டி/சி. ஒன்று டிஎன்ஏவின் எதிர் இழையைப் படித்தது; ஏ-டி, சி-ஜி ஜோடி என்பதால் திருப்பிவிடலாம், சரி. ஆனால் ஏ/டி, சி/ஜி இடங்களில் திருப்பினாலும் அதே எழுத்துகள்தானே வரும்? எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று (அலைவெண்) பார்த்து முடிவெடுக்க இந்தச் சின்னக் குடும்பம் போதாது. அவற்றை மொத்தமாக நீக்கினால், அம்மா, அப்பா இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வந்த ஒத்த துண்டுகளைத் தேடும்போது ஏதாவது தவறிப்போகுமா?

குடும்பத் தரவில் இதைச் செய்தவர்கள் ஒரு அரைமணி நேரம் பேசினால் போதும். ராமநாதபுரம் பக்கம் இருந்தால் நானே மடிக்கணினியோடு வருகிறேன். அப்பத்தாவின் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் காது கேட்காது. காரணம் தெரிந்ததும் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.